எண்ணி எழுதுதல்



சென்ற மாசித் திங்களில் ஒருநாள் மாலை, என்னிடம் முன்பு பயின்ற மாணவர் ஒருவர் என் இல்லம் வந்தார். கணிதத்தில் பட்டம் பெற்றவர். தரவுப் பகுப்பாய்வு பயின்றமைக்கு மூன்று சான்றிதழ்களும் வைத்திருந்தார். "ஐயா, நூறு இடங்களுக்கு மேல் விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். வேண்டாம் என்று சொல்லக்கூட ஒருவரும் இரண்டு வரி எழுதவில்லை. என்னிடம் என்ன குறை என்று நீங்களாவது சொல்லுங்கள்" என்றார். அவருடைய தந்தையார் இருந்த சிறு நிலத்தை அடகு வைத்து மகனைப் படிக்க வைத்தவர். ஆதலின், வெறும் ஆறுதல் கூறி அவரை அனுப்பிவிட என் மனம் இசையவில்லை.

அவருடைய விண்ணப்பத்தை வாங்கிப் படித்தேன். கருவிகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. அவற்றைக் கொண்டு அவர் செய்த வேலை ஒன்றேனும் இல்லை. உளி, வாள், இழைப்புளி எல்லாம் தமக்குத் தெரியும் என்று சொல்லும் தச்சரிடம், "நீர் செய்த நாற்காலி எங்கே?" என்றுதானே நாம் கேட்போம்?

மேலும், தரவுத் துறை என்பது ஒரே தொழில் அன்று. பல இடங்களில் பிறக்கும் விவரங்களைத் திரட்டி, ஒழுங்குபடுத்தி, ஓரிடத்தில் சேர்த்து வைப்பவர் தரவுப் பொறியாளர். சேர்த்ததைப் படித்து, நடந்தது என்ன, ஏன் என்று எடுத்துரைப்பவர் பகுப்பாய்வாளர். நடந்ததிலிருந்து நடக்கவிருப்பதைக் கணிக்கும் முறைகளை வகுப்பவர் தரவு அறிவியலாளர். நம் மாணவர் இம்மூவகை வேலைக்கும் ஒரே விண்ணப்பத்தை அனுப்பியிருந்தார்.

வேலை கிட்டாமை இழிவு அன்று. 1920-ஆம் ஆண்டில், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஹடகலியில் பிறந்த சி. ஆர். ராவ், ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்றபின், போர்க்காலத்தில் படைத்துறை சார்ந்த வேலை ஒன்றை நாடிக் கல்கத்தா சென்றார். அவ்வேலை கிட்டவில்லை. எனினும், பேராசிரியர் மகலனோபிஸ் 1931-இல் அந்நகரில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்தைப் பற்றிக் கேள்வியுற்று, 1941-இல் அங்குப் பயிற்சிக்குச் சேர்ந்தார். 1945-இல் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரை உலகப் புள்ளியியலாரின் அடிப்படைப் பாடமாயிற்று. 2023-இல், தம் 102-ஆம் வயதில், பன்னாட்டுப் புள்ளியியல் பரிசைப் பெற்று, அவ்வாண்டிலேயே மறைந்தார். எல்லாரும் ராவ் ஆகிவிட முடியாது. ஆனால், மூடிய கதவின் முன் நின்றுவிடாமல், கற்கும் இடத்தைத் தேடிச் செல்வது எல்லார்க்கும் இயலும்.

இனி, என் பிழை ஒன்றையும் அம்மாணவரிடம் சொன்னேன்; உங்களுக்கும் சொல்கிறேன். நான் தலைமையாசிரியராக இருந்தபோது ஆண்டுதோறும் பள்ளி விவரப் படிவம் ஒன்றை நிரப்பி அனுப்புவோம். குடிநீர்க் குழாய்கள் எத்தனை என்பது அதில் ஒரு கேள்வி. சுவரில் ஐந்து குழாய்கள் இருந்தன. ஐந்து என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவற்றுள் மூன்றில் நீர் வராது. அடுத்த ஆண்டு புதிய குழாய்கள் வேண்டுமென விண்ணப்பித்தபோது, "உங்கள் பள்ளியில் போதிய குழாய்கள் உள்ளனவே" என்று விடை வந்தது. பிள்ளைகள் நண்பகலில் தாகத்தோடு வரிசையில் நின்றமைக்கு வேறு எவரும் காரணர் அல்லர். என் கையெழுத்தே காரணம். தரவு என்பது கணினிக்குள் பிறப்பதன்று. யாரோ ஒருவர் எங்கோ எண்ணி எழுதுகிறார், அல்லது எண்ணாமல் எழுதிவிடுகிறார். இவ்வேறுபாட்டை உணர்ந்தவரே அத்துறைக்கு வேண்டியவர்.

"அப்படியானால் நான் என்ன செய்வது, ஐயா?" என்றார். "உன் ஊரில் யாருக்கேனும் பயன்படக்கூடிய ஒரு கேள்வியை எடுத்துக்கொள், நீயே எண்ணு, ஒரே பக்கத்தில் விடை எழுது" என்றேன். அவர் இரண்டு திங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் காலைதோறும் நின்று, பேருந்து வந்த நேரத்தைக் குறித்தார். சந்தை நாள்களில் வண்டி தவறாமல் தாமதமாகிறது என்பதையும், அந்நாள்களில் பள்ளி செல்லும் பெண்பிள்ளைகள் முதற்பாடத்தை இழக்கின்றனர் என்பதையும் ஒரு வரைபடத்தில் காட்டினார். அதனை இணைத்து, பகுப்பாய்வாளர் வேலைக்கு மட்டும் விண்ணப்பித்தார்.

நேர்முகத் தேர்வில் ஒரு பெரியவர் கேட்டாராம்: "இங்கே நான்கு நாள்கள் காலியாக உள்ளனவே?" "காய்ச்சலால் நான் செல்லவில்லை, ஐயா. ஊகித்து நிரப்ப மனம் வரவில்லை, காரணத்தை ஓரத்தில் குறித்துள்ளேன்" என்றார் நம் மாணவர். ஊதியம் சிறிதேயாயினும், அவ்வேலை அவருக்குக் கிடைத்தது.

வேலை தேடும் இளைஞர்களே! விரிதாளில் தேர்ச்சி பெறுங்கள். தரவுத்தளத்தை வினவும் எஸ்.க்யூ.எல். மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள், சராசரிக்கும் இடைநிலைக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் தாயாருக்கு விளங்கும்படி சொல்லப் பழகுங்கள். பைத்தான் பிறகு வரட்டும். இந்திய அரசு 2012-இல் தொடங்கிய திறந்த தரவுத் தளத்தில் பயிற்சிக்கு வேண்டிய விவரங்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. 1961-இல் அமைக்கப்பெற்ற இந்தியப் புள்ளியியல் பணிக்கான தேர்வையும் மறவாதீர்கள். வேலை தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவரிடம் ஒரு காசும் கொடாதீர்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக, எண்ணியதை எழுதுங்கள். எண்ணாததைக் காலியாக விடுங்கள். அந்த ஐந்து குழாய்களை நான் இன்னும் மறக்கவில்லை.