மகளுக்கு வீடு: கடலோரமா, வயல்புறமா?

(எமது நிதியத்தின் குடும்ப நல ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)





எமது நிதியத்துக்கு வரும் விண்ணப்பங்களில் அதிகமானவை வீட்டுக்காக வருபவை. நமது கிழக்குப் பகுதியில் பெண்பிள்ளைக்குக் கல்யாணம் பேசினால் வீட்டுப் பேச்சுத்தான் முதலில் வரும். அந்த வழக்கம் சரியா பிழையா என்பதை இன்னொரு நாள் பேசுவோம். இன்றைய பேச்சு வேறு. கையில் சிறு தொகையோடு ஒரு வாப்பா காணி தேடுகிறார். சாய்ந்தமருதில் கடற்கரையை ஒட்டி ஆறு பேர்ச் இருக்கிறது. சம்மாந்துறைப் பக்கம் வயலோரத்தில் பத்துப் பேர்ச் இருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை. "எதை எடுக்கலாம், ஹாஜி?" என்று எம்மிடம் வந்து கேட்கிறார்.

இலேசாகப் பதில் சொல்லக்கூடிய கேள்வியல்ல இது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலையில் என்ன நடந்தது என்பதை இந்த மண்டபத்தில் யாருக்கும் நாம் சொல்லத் தேவையில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் மௌத்தானார்கள். நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் நமதுதான். அன்று நமது மக்கள் மேற்கே ஓடினார்கள். சம்மாந்துறை தன் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் வீடுகளையும் திறந்துவிட்டது. அந்த நன்றியை நாம் மறக்கக் கூடாது.

அப்படியானால் எல்லோரும் மேற்கே போய்விடலாமே என்று தோன்றும். அரசாங்கமும் முதலில் அப்படித்தான் நினைத்தது. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்றார்கள். பிறகு அந்த எல்லை தளர்ந்தது. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வயலுமாக, ஒடுங்கிய ஒரு துண்டு நிலத்தில் நெருங்கி வாழும் நமக்கு 200 மீற்றர் என்றால் பாதி ஊர் போனது போல.

கடலோரம் நமக்குத் தருவது என்ன? முதலாவது, தொழில். கரைவலைக்குப் போகிறவர் சுபஹுக்கு முன்னமே கரையில் நிற்க வேண்டும். மேற்கே குடியேறிய மீனவக் குடும்பங்களில் ஆண்கள் வாடியிலும் பெண்களும் பிள்ளைகளும் புது வீட்டிலுமாகப் பிரிந்து கிடந்ததை நாம் பார்த்தோம். இரண்டாவது, உறவு. உம்மாவின் வளவுக்குப் பக்கத்தில் மகளின் வீடு. பிள்ளை பெற்றால், காய்ச்சல் வந்தால், கணவர் மத்திய கிழக்கில் இருந்தால், வேலியைத் தாண்டினால் உம்மா இருக்கிறா. இந்தப் பாதுகாப்பைப் பணம் கொடுத்து வாங்க முடியாது.

ஆபத்தும் அங்கே இருக்கிறது. சுனாமி எப்போதோ ஒருமுறை வருவது. கடலரிப்போ ஒவ்வொரு வருடமும் வருவது. 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் அலைத்தடுப்பு வடக்கே போகும் மணலை மறித்தது. ஒலுவிலிலும் நிந்தவூரிலும் தென்னைகள் வேரோடு சாய்ந்ததை நாம் கண்ணால் கண்டோம். கரையோரக் காணி வாங்குகிறவர் இன்றைய கரையை மட்டும் பார்த்தால் போதாது. பத்து வருடத்துக்கு முன் கரை எங்கே இருந்தது என்று அந்த இடத்து வயோதிபர்களிடம் கேட்க வேண்டும்.

இனி வயல்புறத்தைப் பார்ப்போம். இடம் விசாலமாக இருக்கும், காற்று வரும், வீட்டைச் சுற்றி இரண்டு தென்னை வைக்கலாம். ஆனால் மேற்கே பெய்யும் மழையெல்லாம் கிழக்கே கடலுக்குத்தான் வடிய வேண்டும். வயல்தான் அந்தத் தண்ணீர் தங்கும் இடம். அதை மண் போட்டு நிரப்பி வீடு கட்டினால் தண்ணீர் நம் வாசலுக்கு வரும், அல்லது அயலவரின் வாசலுக்குப் போகும். தோணாவைக் குப்பையால் அடைத்துவிட்டு வெள்ளத்தைக் குறை சொல்வதும் இதே கதைதான். காட்டுப்பக்கம் போகப் போக யானைப் பயமும் உண்டு.

2024 நவம்பரில் நிந்தவூர் மத்ரஸாவிலிருந்து சம்மாந்துறைக்கு உழவு இயந்திரத்தில் வீடு திரும்பிய நம் பிள்ளைகளை மாவடிப்பள்ளியில் வெள்ளம் கொண்டுபோனது. அவர்களை அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. கடலுக்குப் பயந்து உள்ளே போனாலும் இடையில் ஒரு பாதை இருக்கிறது, அந்தப் பாதையில்தான் பிள்ளைகள் தினமும் போய்வருவார்கள் என்பதை அந்த நாள் நமக்குக் காட்டியது.

எமது பிழையையும் ஒன்று சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு விதவைத் தாய்க்கு வயலோரத்தில் வீடு கட்ட உதவினோம். கோடையில் போய்ப் பார்த்தோம், நல்ல காணி என்றோம். மார்கழியில் முழங்கால் அளவு தண்ணீர். மலசலகூடக் குழி நிரம்பி, கிணறும் பாழானது. அந்தத் தாய் எம்மைக் கோபிக்கவில்லை. "நீங்க ஒருக்கா மழைக்குள்ள வந்து பாத்திருக்கலாமே தம்பி" என்று மட்டும் சொன்னா. அதற்குப் பிறகு மாரியில் ஒருமுறை போய்ப் பார்க்காத காணிக்கு நாம் உதவுவதில்லை.

"எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், எங்கே இருந்தாலும் வருவது வரும்" என்று சிலர் சொல்கிறார்கள். உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் ஷாம் தேசத்துக்குப் போகும் வழியில், அங்கே கொள்ளைநோய் பரவியதைக் கேட்டுத் திரும்ப முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் கேட்டார்கள். ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே போகிறோம் என்ற கருத்தில் பதில் சொன்ன உமர் அவர்கள், பசுமையான பக்கமும் வறண்ட பக்கமும் உள்ள ஒரு பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எங்கே மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிப்படிதானே என்று விளக்கினார்கள். விசாரித்துத் தெரிவு செய்வது தவக்குலுக்கு மாற்றமல்ல.

ஆகவே கடலா வயலா என்று மொத்தமாகக் கேட்காமல், இந்தத் துண்டுக் காணி எப்படி என்று கேளுங்கள். கடற்பக்கம் என்றால், மேற்கே நேராக ஓட ஒரு பாதை உண்டா? மாடியேறி நிற்க அயலில் ஓர் உறுதியான கட்டடம் உண்டா? கடலிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், அது கிடைக்குமா? வயற்பக்கம் என்றால், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி வயலை நிரப்ப அனுமதி எடுக்கப்பட்டதா? தண்ணீர் வடியும் வழி எது? இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக, உறுதி சுத்தமானதா? நுரைச்சோலையில் சவூதி உதவியில் கட்டிய 500 வீடுகள் பல வருடங்கள் கையளிக்கப்படாமல் காடு மண்டிக் கிடந்தன. கையில் பத்திரம் இல்லாத வீட்டை நம்பிக் கல்யாண நாள் குறிக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. அந்த வீட்டில் வாழப்போவது மகள். வாப்பாவும் மாமாவும் மாப்பிள்ளை வீட்டாரும் பேசி முடித்துவிட்டு அவவுக்குச் சாவியை மட்டும் கொடுக்கிறோம். காணியைப் பார்க்கப் போகும்போது அவவையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்தப் பக்கம் பயமில்லாமல் நித்திரை கொள்வா என்று கேளுங்கள்.

விசாலமான வீட்டையும் நல்ல அயலவரையும் பாக்கியங்களில் சேர்த்துச் சொன்னார்கள் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள். அந்த இரண்டையும் நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன். காணி வாங்க முன் எம்மிடம் வந்து சொல்லுங்கள். மழைக்குள் வந்து பார்க்க நாம் தயார்.

வஸ்ஸலாம்.