கடைத்தெருவின் ஒப்புரவு

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஈகை வேறு, ஒப்புரவு வேறு. இவ்வேறுபாட்டை மறந்ததனாலேயே, ஊர்ப்பணி என்ற சொல் காதில் விழுந்ததும் ஒருவர் கையேந்துவதும் மற்றொருவர் கைவிரிப்பதுமே இற்றைநாளில் நினைவுக்கு வருகின்றன. திருக்குறள் ஒப்புரவறிதலை 22ஆம் அதிகாரமாகவும், ஈகையை 23ஆம் அதிகாரமாகவும் வைத்திருக்கிறது. இல்லாதவர்க்குக் கொடுப்பது ஈகை. தான் வாழும் ஊரோடு ஒத்து நின்று, ஊர்ப்பொதுவுக்குத் தன் பங்கைச் செலுத்துவது ஒப்புரவு. அதற்கு வள்ளுவர் காட்டும் உவமைகளுள் மூன்று: ஊரார் நீருண்ணும் குளம், ஊருக்குள் நிற்கும் பழமரம், மருந்தாகும் மரம். மூன்றும் ஊரில் வேர்கொண்டவை. குளத்தில் நீர் மொள்ளுகின்றவள் குளத்துக்குத் தலைவணங்கி நன்றி கூறுவதில்லை. அவளுக்கும் அக்குளம் உரியது.

ஊர்க்கழகங்களும் அறநிலையங்களும் சிறுவணிகரும் எவ்வாறு கைகோக்கவேண்டும் என்னும் இன்றைய பொருளுக்கு இதுவே அடிப்படை. வணிகர் தருவது ஈகையாக இருக்குமட்டும் அது தருபவரின் மனநிலையைப் பொறுத்தது. இன்று உண்டு, நாளை இல்லை. ஒப்புரவாக மாறும்போது அது முறையாகிறது, முறையானது நிலைக்கிறது.

இது புதிய கொள்கையன்று. சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை, திருக்கொடுங்குன்றம் என்னும் பழம்பெயருடையது. அங்கே 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வணிகர் கல்வெட்டு ஒன்று உள்ளது. பல ஊர் வணிகக் குழுவினர் ஒன்றுகூடித் தாங்கள் கையாளும் சரக்குகளின்மீது தாங்களே ஒரு பங்கு விதித்துக்கொண்டு, அதனைக் கோயிற்பணிக்கு உரியதாக்கிய செய்தி அது. உப்பு, அரிசி, மிளகு, பாக்கு, இரும்பு, பஞ்சு, நூல் எனச் சரக்குகள் ஒவ்வொன்றாகக் குறிக்கப்படுகின்றன. அரசன் விதித்த வரியன்று அது. வணிகர் தமக்குத் தாமே விதித்துக்கொண்டது. கடல் கடந்தும் இம்முறை சென்றது. தாய்லாந்து நாட்டின் தக்குவா பாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளத்தை மணிக்கிராமத்தார் முதலியோரின் காவலில் ஒப்படைக்கிறது. வணிகம் செய்யப் போன இடத்திலும் குளத்துக்குக் காவல் நின்றவர்கள் தமிழ் வணிகர்கள்!

பழம்பெருமை பேசி அமர்வதற்காக இவை கூறப்படவில்லை. மூன்று தலைமுறைக்கு முன்வரை உயிரோடு இயங்கிய ஓர் ஏற்பாட்டைக் கூர்ந்து நோக்கவேண்டும். அதுவே மகமை.

19ஆம் நூற்றாண்டில், திருநெல்வேலிச் சீமையின் தென்பகுதியிலிருந்து வண்டிகட்டி வடக்கே வணிகம் செய்யவந்த நாடார் பெருமக்கள், சிவகாசி, விருதுப்பட்டி, அருப்புக்கோட்டை, திருமங்கலம் முதலிய ஊர்களில் பேட்டைகளை அமைத்தனர். பேட்டை என்பது சரக்கும் வண்டியும் மாடும் அச்சமின்றித் தங்கும் மதில்சூழ்ந்த இடம், நடுவே கிணறு. அதனைப் பயன்படுத்தியோர் ஒரு சிறு தொகை செலுத்தினர். நாளடைவில், வாங்கி விற்கும் சரக்கின் மதிப்பில் ஒரு சிறு பங்கைப் பொதுவுக்கு எடுத்துவைக்கும் வழக்கமாக அது விரிந்தது. அப்பங்கே மகமை. அதனைப் பேணிய ஊரவை உறவின்முறை. முறைவைத்துப் பொறுப்பேற்றவர் முறைகாரர்.

அவர்கள் ஏன் இவ்வாறு செய்தனர்? பொதுக்கிணறும் கோயில் வாயிலும் அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தன. கமுதிக் கோயிலில் நுழைந்த வழக்கு இலண்டன் உயர்மன்றம் வரை சென்று 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. 1899இல் சிவகாசி தாக்கப்பட்டது. பிறர் தராத கிணற்றைத் தாமே வெட்டுவதன்றி அவர்களுக்கு வேறு வழியில்லை. வெட்டினார்கள். கிணற்றுக்குப் பின் சந்தை, சந்தைக்குப் பின் பள்ளி என மகமைப் பணம் வளர்ந்துகொண்டே போயிற்று. 1880களில் விருதுப்பட்டியில் சத்திரிய வித்தியாசாலை எழுந்தது. வீட்டுக்கு வீடு நாள்தோறும் ஒரு பிடி அரிசி எடுத்துவைத்து அப்பள்ளியைத் தாங்கினமையால் 'பிடி அரிசிப் பள்ளி' என்றே ஊரார் அதனை அழைத்தனர். உலை வைக்கும் தாய், உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியைப் பள்ளிக்கென ஒதுக்கினாள். கடையில் மகமை, அடுக்களையில் பிடி அரிசி. இரண்டும் ஒரே அறத்தின் இரு கைகள்.

அப்பள்ளியில் படித்த சிறுவருள் ஒருவர் 1903இல் பிறந்த காமராசர். அவர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தார். அவர் ஆட்சியில் 1956இல் பள்ளிப் பகலுணவு தொடங்கியபோது, ஊராரின் கொடையும் உழைப்புமே அதற்கு முதல் முட்டுக்கொடுத்தன. கல்வித்துறைத் தலைவராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர்தோறும் நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், கரும்பலகையும் இருக்கையும் உடையும் கட்டடமுமாக ஊரார் கொண்டுவந்து குவித்தனர். அரசு கேட்டது; ஊர் தந்தது.

மகமையின் வலிமை எங்கே இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். முதலாவது, அது விற்பனையோடு கட்டுண்டது. வணிகம் நன்றாயின் மிகுதி, மந்தமாயின் குறைவு. எந்த வணிகனையும் அது நசுக்கவில்லை. இரண்டாவது, அது சிறிது. ஆனால் நாள்தோறும் சேர்வது. மூன்றாவது, பணத்தைச் செலுத்தியவரே பணியையும் கண்ணால் கண்டனர். நான்காவதே முதன்மையானது: அது வணிகனுக்குத் திரும்பி வந்தது. கிணறும் காவலும் உள்ள பேட்டைக்கு வெளியூர் வண்டி வந்தது. வண்டி வந்ததால் வணிகம் வளர்ந்தது. எழுதப் படிக்கக் கற்ற பிள்ளை கணக்கெழுதக் கடைக்கு வந்தான். 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தோன்றுவதற்கும், ஒன்றுகூடிப் பொதுப்பணம் பேணிய இப்பழக்கமே நிலத்தைப் பண்படுத்தியிருந்தது. 1962இல் அவ்வங்கி தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி எனப் பெயர்மாறியது.

இத்துணைச் சிறப்புடைய ஏற்பாட்டில் குறையே இல்லையா? உண்டு. அதனை மறைப்பது அறமாகாது. மகமைக்கு ஒரு வேலி இருந்தது; அது குலவேலி. இவ்வேலி ஒரு குலத்தாருக்கு மட்டும் உரியதன்று. பொதுப்பணம் சேர்த்த வணிகக் குலங்கள் பலவும் தத்தம் எல்லைக்குள்ளேயே நின்றன. ஒடுக்கப்பட்டோர் தம்மைக் காத்துக்கொள்ளக் கட்டிய வேலியைப் பழிப்பது முறையன்று. ஆனால், தற்காப்புக்குக் கட்டிய வேலி, ஆபத்து நீங்கிய பின்னும் நின்றால் அது தடையாகிறது. இன்று ஒரே கடைத்தெருவில் பல குலத்தார் தோளோடு தோள் உரச வணிகம் செய்கின்றனர். தெருவிளக்கு அணைந்தால் எல்லார்க்கும் இருட்டு. சாய்க்கடை அடைத்தால் எல்லாக் கடைக்கும் நாற்றம். அவ்வாறிருக்க, பொதுப்பணம் மட்டும் குலத்துக்கொரு பெட்டியில் கிடப்பது என்ன முறை? மகமையின் முறையைக் கொள்ளுங்கள்; வேலியை விடுங்கள். குலமகமை தெருமகமையாகட்டும், ஊர்மகமையாகட்டும்.

வேலியற்ற ஒப்புரவு இயலுமா என ஐயுறுவோர்க்கு மதுரை விடை தருகிறது. 1976இல் மருத்துவர் வேங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரையால் பார்வை இழந்த ஏழைகள் சிற்றூர்களில் இருந்தனர். அறுவை செய்யும் மருத்துவர் மதுரையில் இருந்தனர். இவ்விருவரையும் இணைத்த பாலம் எது? உள்ளூர்க்காரர்களே. அரிமா கழகம், ஊர் வணிகர், ஆலை உடையவர், பள்ளி, கோயில் என யாரேனும் ஒருவர் கண் ஆய்வு முகாமுக்குப் பொறுப்பேற்பர். இடம் ஏற்பாடு செய்வதும், ஊர்தோறும் செய்தி அறிவிப்பதும், முகாமன்று வேண்டும் உணவும் பிறவும் கவனிப்பதும் அவர்கள் கடன். மருத்துவர், செவிலியர், கருவிகள் ஆகியன மருத்துவமனையின் கடன். அறுவை வேண்டியவர்களைப் பேருந்தில் ஏற்றிச் சென்று, பண்டுவம் செய்து, சில நாளில் ஊர் சேர்ப்பதும் அதன் கடனே.

இவ்வேற்பாட்டின் நுட்பத்தை உணரவேண்டும். மருத்துவமனையால் ஆயிரம் ஊர்களில் ஆள் வைத்துச் செய்தி பரப்ப இயலாது. கடைக்காரரால் கண்ணை அறுக்க இயலாது. ஆனால், எந்த வீட்டில் எந்தக் கிழவி சுவரைத் தடவி நடக்கிறாள் என்பது மளிகைக் கடைக்காரருக்குத் தெரியும். அவள் பேரன் நாள்தோறும் அவர் கடைக்குத்தான் எண்ணெய் வாங்க வருகிறான். வெளியூர் மருத்துவர் அழைத்தால் அஞ்சுகின்றவள், கடைக்கார அண்ணாச்சி சொன்னால் பேருந்தில் ஏறுகிறாள். சிறுவணிகனின் முதல் பெட்டியிலிருக்கும் பணம் மட்டுமன்று. ஊர் அவன்மீது வைத்த நம்பிக்கையும் அவன் முதலே. அம்முதலை ஊர்ப்பணியில் இட்டால் அது குறைவதில்லை, வளர்கிறது. பார்வை பெற்ற நெசவாளி மீண்டும் தறியில் அமர்கிறார். அவர் ஈட்டும் கூலி அதே கடைத்தெருவுக்குத்தான் வருகிறது.

பெண்மக்கள் காட்டிய வழியும் உண்டு. 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தமிழக அரசின் மகளிர் தன்னுதவிக் குழுக்கள் தொடங்கின. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் சேர்ந்து, சிறுகச் சேமித்து, தமக்குள் கடன் கொடுத்து, ஒவ்வொரு கூட்டத்திலும் கணக்கை வாய்விட்டுப் படிக்கின்றனர். அவர்கள் செய்யும் ஊறுகாய்க்கும் அப்பளத்துக்கும் கூடைக்கும் உள்ளூர்க் கடைக்காரர் தம் கடையில் ஒரு தட்டு ஒதுக்கினால், அதுவும் ஒப்புரவே. அவருக்குச் சரக்கு, அவர்களுக்குச் சந்தை.

"ஊர்ப்பணியைப் பெருங்குழுமங்கள் செய்யட்டுமே" என்பார் உளர். 2013ஆம் ஆண்டுக் குழுமச் சட்டம், நிகரமதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர ஊதியம் 5 கோடி உருபா ஆகியவற்றுள் ஒன்றை எட்டிய குழுமங்கள், முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர ஊதியத்தில் 2 விழுக்காட்டைக் குமுகாயப் பணிக்குச் செலவிடவேண்டும் என்கிறது. தாம் இயங்கும் பகுதிக்கு முதன்மை தருமாறும் கூறுகிறது. நன்று. ஆனால், ஆலையில்லாச் சிற்றூருக்கு அப்பணம் எவ்வழியாக வரும்? உங்கள் தெருவின் பெயர்கூட அறியாத ஒருவர் வரும்வரை உங்கள் தெருப்பள்ளி ஒழுகிக்கொண்டிருக்க வேண்டுமா?

"கடையே தள்ளாடுகிறது; இதில் மகமைக்கு எங்கே போவது?" என்பதும் முறையான வினாவே. கணக்கிட்டுப் பாருங்கள். நூற்றுக்குக் கால் உருபா என வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 4000 உருபாவுக்கு விற்கும் கடைக்கு மகமை 10 உருபா. அத்தகைய கடைகள் நூறு சேர்ந்தால் நாளுக்கு 1000. ஆண்டில் 300 நாளுக்கு மூன்று இலக்கம். ஒருவராய்ச் செய்ய இயலாததை நூற்றுவராய்ச் செய்யலாம். கைப்பேசியில் விரலழுத்தி வாங்கும் பெருவணிகம் வீட்டு வாயிலுக்கே வந்துவிட்ட இக்காலத்தில், விலையில் அதனோடு மல்லுக்கட்டச் சிறுகடையால் இயலாது. "இது எங்கள் பள்ளிக்குக் கூரை போட்ட கடை" என்று ஊரார் சொல்லும் சொல்லைப் பெருவணிகத்தால் விலைக்கு வாங்க இயலாது.

எனவே செய்யவேண்டுவன இவை. ஒரு கடைத்தெரு ஒரு கழகம் காணட்டும். 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்ய ஏழு பேர் போதும். குலமும் சமயமும் கேளாது எல்லாக் கடையும் அதில் இடம்பெறட்டும்; தள்ளுவண்டிக்காரரும் பூக்காரம்மாவும் விடுபடலாகாது. பொறுப்பு முறைவைத்து மாறட்டும். பொறுப்பிலிருப்பவர் தம் கடைச் சரக்கைக் கழகத்துக்கு விற்கலாகாது. மாதந்தோறும் வரவு செலவை நல்ல தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கடைத்தெருச் சுவரில் ஒட்டவேண்டும். மறைத்த கணக்கு எத்துணை நேர்மையானதாயினும் ஐயத்தையே விளைக்கும். ஓராண்டுக்கு ஒரு பணியை எடுத்து முடிக்கவேண்டும். பத்தைத் தொட்டு ஒன்றையும் முடிக்காத கழகங்கள் நாட்டில் ஏராளம். கொடுத்தவர் பெயரைப் பளிங்கில் வெட்டுவதை விட்டு, செய்த பணியைச் செவ்வனே பேணவேண்டும்.

வணிகப் பெருமக்களே! ஊருணியை வேற்றூரார் வந்து வெட்டித் தருவதில்லை. ஊரார்தாம் வெட்டவேண்டும், ஊரார்தாம் தூர்வாரவேண்டும். நாளைக் காலை கடை திறக்கும்போது பணப்பெட்டிக்கு அருகில் ஒரு சிறு உண்டியலை வையுங்கள். பக்கத்துக் கடைக்காரர் எக்குலத்தவராயினும் அவரிடமும் ஒன்றை வைக்கச் சொல்லுங்கள். இரண்டு கடை போதும், தொடங்குவதற்கு.