பழைய ஹைபிரிட் கார் வாங்குமுன்

நமது தீவில் வள்ளம் வாங்குபவர் பூச்சைப் பார்த்துப் பணம் எண்ணுவதில்லை. பலகையைத் தட்டிப் பார்ப்பார். ஆணி துருவேறியதோ என்று தடவிப் பார்ப்பார். ஆனால் குறிகட்டுவானிலிருந்து வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்க விரும்பும் இளைஞர் சிலர், தாயாரின் நகையை அடகுவைத்த பணத்தைக் காரின் மினுக்கம் கண்டதும் கொடுத்துவிடுகின்றனர். ஆதலால் இதுபற்றிச் சில சொல்ல முன்வந்தோம்.

பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் கூடி இழுப்பது ஹைபிரிட் கார். 1997 இல் யப்பானில் விற்பனைக்கு வந்த ரொயோட்டா பிரியஸ் இவ்வகையில் முன்னோடி. பிரேக் பிடிக்கையில் வீணாகும் சக்தியை மின்னாக்கிப் பெரிய பற்றரியிற் சேமிப்பதே இதன் சூட்சுமம். பற்றரி தளர்ந்தால் சிக்கனமும் போயிற்று. நம் நாட்டில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறந்தது. இடையில் பழைய கார்களே கைமாறி ஓடின என்பதை மறவாதீர்கள்.

காரை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள். நாலு பேரை ஏற்றி, ஏசியும் போட்டு, அரைமணி நேரமாவது ஓட்டுங்கள். திரையிலே பற்றரியின் அளவு விரைந்து ஏறி விரைந்து இறங்குமாயின் அது தளர்ந்த பற்றரி. பின் ஆசனத்தருகே பற்றரிக்குக் காற்றுச் செல்லும் துவாரம் தூசியால் அடைபட்டிருந்தால், பற்றரி வெப்பத்தால் நலிந்திருக்கக்கூடும். ஸ்கானர் பூட்டிப் பார்ப்பது அவசியம். பிழைக்குறிகளை அழித்துவிட்டு விற்பாரும் உளர். அழித்தபின் ஓடிய தூரத்தையும் அக்கருவி பெரும்பாலும் காட்டிவிடும். செம்மஞ்சள் வயர்களைத் தொடவேண்டாம். அவற்றில் ஓடும் மின்சாரம் உயிரைக் குடிக்கும்.

குறைந்த தூரமே ஓடிய கார் என்று மகிழ்ந்துவிடாதீர்கள். மாதக்கணக்கில் ஓடாது நின்றாலும் பற்றரி கெடும். கம்பளத்தைத் தூக்கி வெள்ளச் சேறு உண்டோ எனவும், அடிப்பாகத்தை உப்புக்காற்று அரித்ததோ எனவும் பாருங்கள். சசி இலக்கம் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருக்கவேண்டும். லீசிங் கடன் தீர்ந்ததற்குச் சான்று கேளுங்கள்.

ஹைபிரிட் வேலை அறிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துச் செல்வதற்குச் சிறு கூலியே செலவாகும். புதுப் பற்றரியின் விலையோ பல இலட்சம் ரூபாய். விற்பவர் அவசரப்படுத்தினால் அன்றைய படகிலேயே திரும்பி வாருங்கள். கார் இன்னொன்று கிடைக்கும், அடகிலிருக்கும் நகை எளிதில் மீளாது.