பழைய ஜீப்பும் ஓடிய தூரமும்

பழைய மோட்டார் வண்டியொன்றை விலை பேசச் செல்வோர் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இதுவரை எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது?" என்பதே அது. மாடு வாங்குவோன் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல, வண்டி வாங்குவோன் தூரமானியைக் குனிந்து பார்க்கிறான். எண் சிறியதாயின் மனம் மகிழ்கிறது. பெரியதாயின் வந்த வழியே திரும்பிவிடத் தோன்றுகிறது. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் பழைய ஜீப்பு வகை வண்டிகளை வாங்கிப் புதுக்க விரும்புவோர்க்கு இப்பழக்கம் எவ்வளவு துணை செய்யும் என்பதை இன்று ஆராய்வோம்.

தொழிலை முன்னிட்டுப் பிற மாநிலங்களில் வாழும் தமிழர் பலர் மலைநகரங்களிலும் பாலைநிலத்தின் ஓரங்களிலும் கடற்கரைப் பட்டினங்களிலும் குடியிருக்கின்றனர். அவ்விடங்களிலெல்லாம் பழைய ஜீப்புகள் விலைக்கு வருகின்றன. வில்லிஸ் ஜீப்பைப் பின்பற்றி மகிந்திரா நிறுவனம் பம்பாயில் உருவாக்கிய வண்டிகள் ஒரு வகை. ஜபல்பூர் படைக்கலத் தொழிற்சாலையில் இராணுவத்திற்கெனச் செய்யப்பட்ட ஜோங்கா மற்றொரு வகை. 1985-இல் வெளிவந்த மாருதி ஜிப்ஸி மூன்றாவது வகை. இவை யாவும் ஏணி போன்ற இரும்பு அடிச்சட்டத்தின்மீது அமைந்தவை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். நாம் சொல்லப் போவதன் உயிர்நிலை அதுவே.

முதலில் தூரமானியின் நாணயத்தைப் பார்ப்போம். பழைய வண்டிகள் பலவற்றின் தூரமானியில் ஐந்து இலக்கங்களே உண்டு. 99,999 ஆனதும் அது மீண்டும் சுழியிலிருந்து எண்ணத் தொடங்கும். எனவே 40,000 என்று காட்டும் வண்டி 1,40,000 ஓடியதாகவும் இருக்கலாம். மிகப் பழைய வண்டிகளில் அவ்வெண் கிலோமீட்டர் அன்று, மைல். 60,000 மைல் என்பது ஏறத்தாழ 96,500 கிலோமீட்டர். தூரமானியை இயக்கும் கம்பி அறுந்து, பல்லாண்டுகள் எண்ணே நகராமல் ஓடிய வண்டிகளும் உண்டு. பெரிய டயர் மாட்டியிருந்தால், ஓடிய தூரத்தைவிடக் குறைந்த எண்ணே பதியும்.

இவற்றினும் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. மகிந்திரா ஜீப்பில் டிரான்ஸ்பர் கேஸ் என்னும் கியர்ப்பெட்டியைக் கடந்து சக்கரத்திற்குச் செல்லும் தண்டிலிருந்தே தூரமானி இயங்குகிறது. சேற்றிலும் செங்குத்தான ஏற்றத்திலும் தாழ்நிலைக் கியரைப் போட்டால், அதே தூரத்தைக் கடக்க இஞ்சின் ஏறத்தாழ இரண்டரை மடங்கு அதிகமாகச் சுழல வேண்டும். தூரமானி அதனை அறியாது. தேயிலைத் தோட்டத்தில் நாள்தோறும் எட்டுக் கிலோமீட்டர் ஏறியிறங்கிய ஜீப்பின் சிறிய எண்ணும், நெடுஞ்சாலையில் ஓடிய ஜீப்பின் பெரிய எண்ணும் ஒரே தராசில் நிறுக்கத்தக்கவை அல்ல. மேலும், பெட்ரோல் இஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் இஞ்சின் பொருத்திய ஜீப்புகள் நம் நாட்டில் ஏராளம். அத்தகைய வண்டியில் தூரமானி காட்டும் எண் இப்பொழுதுள்ள இஞ்சினைப் பற்றியதே அன்று.

எண் உண்மையானதே என்று கொள்வோம். நெடுந்தூரம் ஓடியதனால் தேய்வன எவை? பிஸ்டன், ரிங்கு, வால்வு, பேரிங்கு, கிளட்ச், கியர்ப் பற்கள், யூனிவர்சல் ஜாயிண்டு, ஸ்டியரிங் மூட்டுகள் ஆகியவை. இவற்றுள் பெரும்பாலானவை தேயும், மாற்றலாம் என்றறிந்தே செய்யப்பட்டவை. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் பொருத்தலாம்; மேலும் கடைய இடமில்லையாயின் லைனர் இறக்கலாம். கிராங்க் ஷாப்டைத் தீட்டி அதற்கேற்ற பேரிங்கு போடலாம். வண்டியைப் புதுக்க முனைவோர் இவ்வேலைகளில் பலவற்றை எப்படியும் செய்யத்தான் போகின்றனர். ஆதலின் இங்கே பெரிய எண் என்பது செலவைப் பற்றிய முன்னறிவிப்பேயன்றி மரண ஓலையன்று.

துருவோ அத்தகையதன்று. அதற்கு ஓட்டம் வேண்டியதில்லை. நின்ற இடத்திலேயே அது தன் வேலையைச் செய்கிறது. உப்புக் காற்றும் ஈரமும் அடிச்சட்டத்தின் உட்புறத்தில் தங்கினால், வெளியே பளபளக்கும் வண்டி உள்ளே உளுத்துப் போகும். நெடுநாள் நின்ற வண்டியில் ஆயில் ஸீல்கள் காய்ந்து வெடிக்கும். பிரேக் சிலிண்டர்கள் அரிக்கப்படும். பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரை அடைக்கும். எலிகள் மின்கம்பிகளைக் கடிக்கும்.

நாம் அறிந்த நண்பர் ஒருவர் கொங்கணக் கரையிலுள்ள ஓர் ஊரில் பணிபுரிந்தார். 31,000 கிலோமீட்டரே காட்டிய ஜீப்பு ஒன்றைப் புதுவண்ணத்தின் அழகு கண்டு சேமிப்பையெல்லாம் கொடுத்து வாங்கினார். அடிப்புறத்திலும் புதிய கறுப்பு வண்ணம் பூசியிருந்தது. அதனைச் சுரண்டிப் பார்க்க நம்மில் எவருக்கும் தோன்றவில்லை. முதல் மழைக்காலத்தில், குடும்பத்துடன் மலைப்பாதையில் இறங்குகையில், பின்புற வில்பட்டையைத் தாங்கும் கொண்டி அடிச்சட்டத்தைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. வண்டி மலையின் பக்கம் சாய்ந்ததால் அனைவரும் பிழைத்தனர். பள்ளத்தின் பக்கம் சாய்ந்திருந்தால் இதனை நாம் சொல்ல நேர்ந்திராது. பிற்பாடு அவர் மார்வாட் நாட்டிலிருந்து வேறொரு ஜீப்பு வாங்கினார். அது 1,74,000 கிலோமீட்டர் ஓடியது. மணற்காற்றில் அதன் இஞ்சின் நன்கு தேய்ந்திருந்தது; வண்ணம் வெளுத்து, இருக்கை கிழிந்திருந்தது. அடிச்சட்டமோ திடமாயிருந்தது. இஞ்சினைப் பிரித்துச் செப்பனிட்டார். இன்றும் அவ்வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

'உளுத்த அடிச்சட்டத்தை மாற்றிவிடலாமே' என்று கேட்கலாம். இங்கேதான் இரும்புச் சட்டம் அரசாங்கச் சட்டத்துடன் வந்து கலக்கிறது. வண்டியின் பதிவுச் சான்றுக்கு வேர், அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணே. அதனை இழந்த வண்டி பெயரை இழந்த மனிதன் போன்றது. இஞ்சின் மாற்றப்பட்டிருந்தால் அதுவும் சான்றில் பதிவாகியிருக்க வேண்டும். வண்டியை ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்திற்குக் கொண்டுசென்று பன்னிரண்டு மாதத்திற்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்தல் வேண்டும். அதற்கு முன்னைய அலுவலகத்தின் தடையின்மைச் சான்று தேவை. ஓய்வு பெற்றபின் ஊருக்கு எடுத்துச் செல்லலாம் என்று கருதும் நம்மவர் இதனை வாங்கும் நாளிலேயே எண்ணிப் பார்ப்பது நன்று. 50 ஆண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதிய 2021-இல் மத்திய அரசு விதி வகுத்தது. அதுவும் அடிச்சட்டம், உடல், இஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யாத வண்டிகளுக்கே உரியது; அவ்வாறு பதிந்ததை அன்றாடம் ஓட்டுதலும் இயலாது. தலைநகர் வட்டாரத்தில் பழைய வண்டிகளுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. அவை அவ்வப்போது மாறியும் வந்திருக்கின்றன. அங்கே வாழ்வோர் பணம் கொடுக்குமுன் அப்போதைய விதியைக் கேட்டறிதல் வேண்டும்.

ஆகவே வண்டி பார்க்கும் முறையை இவ்வாறு வகுத்துக்கொள்ளலாம். முதலில் வண்டியின் அடியில் படுத்துப் பாருங்கள். சிறு சுத்தியால் அடிச்சட்டத்தை நெடுகத் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்னும். உளுத்தது மந்தமாய் ஒலிக்கும். வில்பட்டைக் கொண்டிகளையும் ஸ்டியரிங் பெட்டி பொருந்திய இடத்தையும் விரிசல் உண்டா என்று நோக்குங்கள். இரண்டாவதாகச் சான்றிலுள்ள எண்களை வண்டியிலுள்ள எண்களுடன் ஒப்பிடுங்கள். மூன்றாவதாக இஞ்சின். பெட்ரோல் இஞ்சினாயின் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கச் செய்யுங்கள். யாவும் ஏறக்குறைய ஒத்திருந்தால் நலம். ஒன்றில் மட்டும் குறைந்திருந்தால் அதில் ஒரு கரண்டி இஞ்சின் எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அழுத்தம் உயர்ந்தால் ரிங்கு தேய்ந்திருக்கிறது. உயராவிடில் குறை பெரும்பாலும் வால்விலே. பின்னர் முன்சக்கர விசையையும் தாழ்நிலைக் கியரையும் போட்டு ஓட்டிப் பாருங்கள். தூரமானியைக் கடைசியாகப் பாருங்கள்.

தூரத்திற்கு மதிப்பே இல்லை என்பது நம் கருத்தன்று. பழுது பார்த்த குறிப்புகள் ஆண்டுதோறும் ஒழுங்காக இருந்து, அவை காட்டும் தூரமும் குறைவாயிருந்தால் அவ்வண்டிக்குச் சற்று அதிக விலை தரலாம். உறுப்புகள் அரிதாகிவிட்ட ஜோங்கா போன்ற வண்டியில் தேய்ந்த கியரும் பெருந்தலைவலியாகும். அங்கே தூரத்தை எண்ணத்தான் வேண்டும். ஆயினும் அந்த எண் ஒரு சாட்சியே, நீதிபதி அன்று. ஓட்டத்தால் தேய்ந்ததைக் கைத்திறன் மீட்கும். துரு தின்ற அடிச்சட்டத்தை நம்பி மலையேறலாகாது. மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு செல்லும் வண்டியில் நாம் முதலில் தேட வேண்டியது சிறிய எண்ணை அன்று, உறுதியான இரும்பையே.