தார் டிரம்மும் உடைந்த வளையலும்



நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளில் வெட்டி மிஞ்சிய தகடு குவிந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாம் எடைக்குப் போட்டுவிடுவோம். அப்படிப்பட்ட கழிவை வைத்தே ஒரு உலகம் படைத்த மனிதரைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன்.

நேக் சந்த். 1947 பிரிவினையில் சொந்த ஊரை இழந்து வந்தவர். சண்டிகர் உருவானபோது பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். புது நகரத்துக்காக இடிக்கப்பட்ட கிராமங்களின் கழிவை சைக்கிளிலேயே சுமந்துபோய், அரசாங்கக் காட்டு நிலத்தில், 1950களின் கடைசியிலிருந்து யாருக்கும் தெரியாமல் சிலை செய்தார். சிமெண்டில் உடைந்த வளையலைப் பதித்தால் அது பொம்மைக்கு உடுப்பாகிவிடும்! தார் டிரம்களை வரிசையாக நிறுத்தினால் சுவர்.

1970களின் நடுவில் அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். ஆக்கிரமிப்பு, சட்டப்படி இடிக்க வேண்டும். நம்மில் பாதிப்பேர் சிவில்காரர்கள். மனசைத் தொட்டுச் சொல்லுங்கள், அந்த ஃபைல் நம்ம மேஜைக்கு வந்திருந்தால்? நான் "இடிக்கலாம்" என்றுதான் எழுதியிருப்பேன்.

ஜனங்கள் பார்க்கக் குவிந்தார்கள். 1976ல் பூங்காவாகத் திறந்து, சம்பளமும் 50 ஆட்களும் கொடுத்து, அவரை சப்-டிவிஷனல் இன்ஜினியர் ஆக்கினார்கள். நாம நாலு வருஷம் படித்துத் தேடுகிற பதவி! 1984ல் பத்மஸ்ரீ. பிற்பாடு ஒருமுறை புல்டோசர் வந்தபோது மக்களே குறுக்கே நின்றார்கள். 2015ல் காலமானார்.

நம் ஒர்க்‌ஷாப் பின்புறம் அந்த ஸ்கிராப் குவியல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. காலையில் பார்த்துவிட்டுத்தான் மேடை ஏறினேன்.