காரின் வானொலியில் இரைச்சல்



பதுளையிலிருந்து பசறை வழியாக மொனராகலைக்குச் செல்லும் மலைப்பாதையில், மழைக்காலத்தில் காரோட்டிக்கு வானொலி வெறும் பொழுதுபோக்கன்று. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தோட்ட லயங்களை மண் மூடியதை ஊவா மக்கள் மறவார். இத்தகைய மலைநாட்டில் மண்சரிவு எச்சரிக்கை இரைச்சலில் அமிழ்ந்துபோதல் ஆகாது.

பரிகாரத்துக்கு முன் காரணத்தை அறிதல் வேண்டும். காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, வானொலியை மட்டும் இயங்கவிடுக. இரைச்சல் நீடித்தால் அது பெரும்பாலும் வெளியிலிருந்து வருவது. மின்னலோ, அருகிலுள்ள மின்கம்பியோ, அலையை மறைக்கும் மலையோ காரணமாகலாம். எஞ்சின் ஓடுகையில் மட்டும் எழுந்து, அதன் வேகத்தோடு ஏறியிறங்கினால் குறை காரினுடையதே. பெற்றோல் காரில் படபடவென்னும் ஓசை ஸ்பார்க் பிளக்கையும் அதன் வயர்களையும் சுட்டும். சீழ்க்கை போன்ற ஓசை பற்றறிக்கு மின்னூட்டும் ஓல்டர்நேட்டரைச் சுட்டும்.

அடுத்து ஏரியலைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஓசை நின்றால் அது ஏரியல் வழியே நுழைகிறது. நில்லாவிடின் வானொலிக்கு மின்சாரம் தரும் வயர் வழியே நுழைகிறது. ஏரியலின் அடியிலும் எர்த் இணைப்பிலும் படிந்த துருவைச் சுரண்டி இறுக்குவதே பல வேளைகளிற் போதுமானது.

ஒலியைக் கூட்டினால் இரைச்சலும் உடன் கூடும். காரணத்தைக் களைந்தாலே செய்தி தெளிவாகும்.