கொல்லிமலையும் குடியுரிமையும்



70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து கூடியிருக்கிறோம். அமெரிக்கப் பூர்வகுடிகள் எல்லோரும் குடிமக்களானது 1924-இல். அரிசோனாவில் அவர்களுக்கு ஓட்டு கிடைத்தது 1948-இல். தமிழ் பேசும் இம்மலையின் மலையாளி மக்களுக்கோ 1952 பொதுத் தேர்தலிலேயே சம ஓட்டு.

ஓட்டோடு முடிந்ததா? இல்லீங்க. 1976 பட்டியலில் சேலம் மாவட்ட மலையாளிகள் பழங்குடியினர். அன்று கோவை மாவட்டத்திலிருந்த பர்கூர் மலை மலையாளிகள் பட்டியலிலேயே இல்லை. ஒரே சனம், நடுவே ஒரு மாவட்டக் கோடு! சான்றிதழ் இல்லாவிட்டால் பிள்ளைக்குப் பழங்குடி இடஒதுக்கீடு இல்லை.

கோடு போடுவது என் தொழில். வரைபடம் தப்பென்றால் திருத்துவோம். பட்டியலைத் திருத்தும் அதிகாரம் பார்லிமென்டுக்கு. கேட்க வேண்டிய கடமை, படித்துக் கீழே வேலைக்குப் போன நமக்கும்தான்.